பங்களாவின் புகைபோக்கி

எழுபதுகளில் அப்பா தூத்துக்குடியில் மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது, எங்களுக்குக் குடியிருக்கக் கிடைத்தது பழைய ஐயர் பங்களா. சபைப் போதகரை ஐயர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் தம் ஊர்க் குருமனையை நினைத்துக் கட்டிய வீடு அது. சுவர் நம் கடற்கரைக் கல். பூச்சு நம் சிப்பிச் சுண்ணாம்பு. மற்றதெல்லாம் இங்கிலாந்து. வெண்பனி வழிந்து விழுவதற்கென்று செங்குத்தாய்ச் சரிந்த கூரை, வெயிலை வரவேற்கும் உயரமான சன்னல்கள், முன்னறையில் குளிர்காய ஓர் அடுப்பு, அதற்கு மேலே கூரையைத் தாண்டி நிற்கும் புகைபோக்கி. அடுக்களை மட்டும் வீட்டோடு சேராமல், முற்றத்துக்கு அப்பால், கிணற்றையும் தாண்டி இருந்தது. சமைப்பவர் வேறு, உண்பவர் வேறு என்று தீர்மானித்துவிட்ட ஒருவரின் வரைபடம்.

எங்கள் வீட்டில் சமைத்தவளும் பரிமாறியவளும் அம்மாதான். ஓர் ஐப்பசி மழையில், கொதிக்கும் குழம்புச் சட்டியோடு முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்தாள். கால் புண் ஆற வெகுநாள் ஆயிற்று. முன்னறையை அடுக்களையாக்கிக்கொள்ள அப்பா, சபைச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் சேகரக் கமிட்டியிடம் அனுமதி கேட்டார். நேரில் பார்க்க வந்த கமிட்டிச் செயலர், நிலைக்கதவை வருடியபடியே மறுத்தார்.

“துரைமாரு பாத்துப் பாத்துக் கட்டுனதும்மா. அதுல நாம கை வைக்கப்படாது, கேட்டியளா.”

“அந்தத் துரைசானி ஒருநாளாவது சோத்துப்பானையத் தூக்கிட்டு மழைக்குள்ள நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும், அண்ணாச்சி” என்றாள் அம்மா.

கட்டடத்தில் கை வைக்காமலே சமைக்கலாம் என்று பிறகு அவளுக்குத் தோன்றியது. அடுப்பும் இருக்கிறது, புகைபோக்கியும் இருக்கிறது. மறுநாள் காலை விறகை மூட்டினாள். புகை மேலே போகாமல் அறை முழுக்கக் கவிந்தது. அப்பா ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிப் பார்த்தார். புகைபோக்கிக்கு வாயே இல்லை. வெறும் கல்தூண்; தெருவிலிருந்து பார்ப்பவருக்காக நட்டது.

செய்தி கேட்டுக் கமிட்டி முழுவதும் வந்தது. அந்தப் பொய்த் தூணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுவரில் படிந்த கரியைப் பற்றித்தான் பேசிப் பேசி மாய்ந்தார்கள். வெள்ளையடித்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாவின் காலை எவரும் பார்க்கவில்லை. பனியே விழாத ஊரில் பனிக்கான கூரையைப் போற்றத் தெரிந்தவர்களுக்கு, மழையில் நடக்கும் ஒருத்தி கண்ணில் படவில்லை.

வெள்ளை காய்வதற்குள் அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அந்த அறைக்குள் கொண்டுவந்து, சன்னல்களை விரியத் திறந்து, உலையேற்றினாள். அனுமதி கேட்கவில்லை. நாங்கள் இருந்தவரை அங்கேதான் சமையல். எங்களுக்குப் பின் வந்த தலைமையாசிரியரிடம் சாவி கொடுக்கும்போதே, முன்னறையில் சமைக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். அவர் மனைவிக்கும் ஐப்பசி வந்திருக்கும்.