மரத்த இடம்

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எஸ்டோனியா என்ற தம்மாத்துண்டு நாட்டின் கால்பந்து வீரன். கோல் போடுவதுதான் அவன் வேலை. அங்கே பால் பாக்கெட்டில்கூட அவன் முகம் உண்டு. டெக்சாஸில் ஒரு சின்ன அணிக்கு ஆட வந்த இடத்தில் முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, ரவுண்ட் ராக் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தான். ரிசப்ஷனில் ஒவ்வொரு தடவையும் பெயருக்கு ஸ்பெல்லிங் கேட்டார்கள்.

"அந்த நாட்டு மொத்த ஜனமும் நம்ம தி.நகர் தீபாவளிக் கூட்டத்துக்குக் காணாது. அதுல ஃபேமஸ் வேறயா?" என்று கிண்டலடித்தார் என் கணவர்.

அவனுக்கிருந்த கவலை ஒன்றுதான்: மறுபடி நாட்டுக்காக ஆட முடியுமா? தழும்புக்குப் பக்கத்தில் தோல் மரத்துப் போயிருந்தது. வாரா வாரம் பஞ்சால் தடவி, தெரிகிறதா என்று கேட்பேன். இல்லை என்பான். உணர்ச்சி திரும்பாமலே போகலாம், ஆட்டத்துக்கு அது தேவையில்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். தொட்டால் தெரியாத காலை நம்பி எப்படி ஓடுவது என்று கேட்டான்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் அப்பா போனார். கிரீன் கார்டு இழுபறியில் என்னால் கிளம்ப முடியவில்லை. காலையில் கிளினிக் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து போனில் இறுதிச் சடங்கைப் பார்த்தேன். "அக்கா, நல்லா பாத்துக்கோ. எடுக்கப் போறாங்க," என்றான் தம்பி. பார்த்தேன். அழுகை வரவில்லை. பெற்ற மகளுக்கு வராதா என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போய் மட்டும் என்ன செய்யப் போகிறேன்? உள்ளே போய்க் கையைக் கழுவினேன்.

முதல் அப்பாயின்ட்மென்ட் அவன்தான். பஞ்சால் தடவினேன்.

"தெரிகிறதா?"

"தெரிகிறது."

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு அதுவும் வரவில்லை. மறுபடி தடவினேன்.

"தெரிகிறது," என்றான் மெதுவாக. "ஆனால் இது நல்ல கால்."

மன்னிப்புக் கேட்டேன். அப்பா இறந்துவிட்டார் என்று, ஏஸி ரிப்பேர் என்று சொல்வதுபோலச் சொன்னேன். அவன் தழும்பிருந்த காலை என் பக்கம் நகர்த்தினான்.

அவன் ஊர் திரும்பி வெகுநாள் கழித்து ஒரு வீடியோ அனுப்பினான். நாட்டுக்காக ஆடிய மேட்ச். கோல் போடுகிறான், கேலரி முழுக்க அவன் பெயரைக் கத்துகிறது, கூட ஆடியவர்கள் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். "அட, நம்ம பால் பாக்கெட்!" என்று கைதட்டினார் கணவர்.

கீழே எழுதியிருந்தான்: "எனக்கு அந்த இடத்தில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கு?"

எனக்கும்தான் என்று டைப் பண்ணினேன். அனுப்ப முடியவில்லை. சமையலறையில் அப்படியே நின்றேன்.

"ஏய், என்னாச்சு?" என்றார் கணவர்.

"அப்பா செத்துப் போயிட்டாருங்க," என்றேன்.

அப்பாவின் முதல் திவசமே அதற்குள் முடிந்திருந்தது.