மாலை போட ஒரு படம்

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பட்டுச் சேலை. அதைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அரபு நாட்டுப் படக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். ஏன் வைத்தார் என்பது எனக்கு இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை.

வேலை செய்கிறவர்களைப் படம் பிடிக்கத்தான் தாராவியில் எங்கள் சந்துக்கு வந்தார். நான் இட்லி அவித்து விற்கிறவள். நாலு நாள் என் அடுப்படியில் குந்தியிருந்து என் கையைப் படம் எடுத்தார், மாவுச் சட்டியை எடுத்தார், ஆவியை எடுத்தார். முகத்தை எடுக்கவில்லை. அவ்வளவு மோசமான முகமா என்னுடையது?

பக்கத்து வீட்டுப் பாயம்மா, புருஷனோடு சவூதியில் பல வருஷம் இருந்து அரபி படித்தவள். அவளிடம் சொன்னேன்.

“ஏ பாயம்மா, நேரா பாக்க மாதிரி ஒரு படம் எடுக்கச் சொல்லு. நான் போனப்பொறவு மாலை போட வேணும்.”

“இப்பமே என்னக்கா அவசரம்? நாளைக்கு இட்லி யாரு அவிப்பா?”

காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் இறந்த அன்று அவர் தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. யார் கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டிப் பெரிசாக்கினார்கள். அவர் தோளில் யாருடைய கையோ தங்கிவிட்டது. இத்தனை வருஷமும் அந்தக் கைக்கும் சேர்த்தே மாலை போடுகிறேன். கையெழுத்துப் போடத் தடுமாறுகிறவள்தான் நான். ஆனால் யார் முன்னாலும் தலை குனியாமல் மூன்று பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறேன். சுவரிலாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

பாயம்மா அவரிடம் பேசிவிட்டுத் திரும்பினாள்.

“இவங்க அத்தா ஸ்டுடியோ வச்சிருந்தாராம். சின்னதுலயே இவரும் நேரா உக்கார வச்சுப் படம் எடுப்பாராம். பொறவு நாட்டுல சண்டை வந்து ஊர்ல பாதி சனம் செத்துப்போச்சாம். இவரு எடுத்த படந்தான் வீடுவீடா செத்தவங்க படமாத் தொங்குச்சாம். அதுலருந்து நேரா எடுக்கதே இல்லயாம். ஊர் ஊராப் போயி வேலை செய்யிறவங்களத்தான் எடுக்காராம்.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. படமாவது மிஞ்சியதே என்று ஆறுதல் வர வேண்டாமா? கேட்கச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள்தான் பட்டுச் சேலையோடு உட்கார்ந்தேன். அவர் கேமராவைக் கீழே வைத்தார். நானும் எழும்பவில்லை.

“முந்தி சரியுதுக்கா” என்று பாயம்மா பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டாள்.

“கைய எடுளா!” என்று திரும்பினேன். அவர் கேமராவை எப்போது கையில் எடுத்தாரோ, ‘க்ளிக்’ சத்தம் மட்டும் கேட்டது.

சில மாதம் கழித்து அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்தோடு வந்தது. பின்னால் சுவரில் என் வீட்டுக்காரர் படம். முன்னால் வாயைத் திறந்து ஏசுகிற நான். என் தோளில் வளையல் போட்ட ஒரு கை. பாயம்மாவின் மிச்சம் படத்தில் இல்லை.

மகன் சிரித்தான். “எம்மா, கம்ப்யூட்டர்ல கைய எடுத்துரலாம்.”

“எடுங்க. வளையல விட்டுருங்க, தங்கம்லா!” என்றாள் பாயம்மா.

எடு என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. என் வீட்டுக்காரர் தோளில் இருப்பது யார் கை என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. இப்போது சொல்ல ஆளும் இல்லை. மகன் அவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டான். என் படம் இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது.