விதைக்கு விட்ட கெண்டை

நார்வேயில் எனக்குப் பேன் பார்க்கிற வேலை. மீனுக்குத்தான். கடலில் மிதக்கும் கூண்டிலிருந்து அள்ளிய சால்மனை மயக்க மருந்துத் தொட்டியில் போட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டி, உடம்பில் ஒட்டியிருக்கும் கடல்பேன்களை எண்ணிச் சொல்ல வேண்டும். கூட வேலை செய்யும் இங்கிரிட் குறித்துக்கொள்வாள். இதற்கா ப்ளேன் ஏறினாய் என்று எங்கள் மலைக் கிராமமான கொட்டச்சேட்டில் அண்ணன் இன்னமும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஒரே தண்ணீரில் வளர்ந்தும் சில மீன்களின் வம்சத்துக்குப் பேன் குறைவாகவே பிடிக்கிறது. பிறவியிலேயே வரும் எதிர்ப்பு அது. அந்த வம்சத்தை எண்ணி எண்ணியே கண்டுபிடித்துச் சினைக்கு ஒதுக்குகிற இவர்களுடைய பொறுமை எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒருநாள் இங்கிரிட்டிடம், "எங்கள் ஊரிலும் சுத்தமான மீனைத்தான் முதலில் எடுப்போம்" என்றேன். "அப்படியானால் உங்களுக்கும் இது தெரியும்" என்று தலையாட்டினாள். நான் சொன்னது குழம்புக்கு. அவள் நினைத்தது குஞ்சுக்கு. அது உறைத்தபோது வெட்கமாகிவிட்டது.

ஊரில் அண்ணி காப்பித் தோட்டத்து ஓரமாகக் குட்டை வெட்டிக் கெண்டை வளர்க்கிறார். வருடத்துக்கு வருடம் பேன் கூடிக்கொண்டே வந்தது. இந்த முறையும் இப்படியென்றால் குட்டையை மூடிவிட்டு மறுபடி எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அன்றே போன் போட்டேன்.

"ஏனுங்க அண்ணி, விக்கறப்ப எந்த மீனு முதல்ல போவுதுங்க?"

"பளபளன்னு இருக்கறதுதான் கண்ணு. பேன் புடிச்சதை யாரு வாங்குவா? தண்ணியிலயே திருப்பி உட்டுருவேன்."

"அதுதானுங்க அங்க முட்டை போடுது."

"அட சாமி! அவரையில நல்ல காயாப் பாத்து விதைக்கு உடறவ நானு. மீனுல கோட்டை உட்டுட்டனே!" என்றார்.

அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுத்தமான கெண்டைகளைச் சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினார். பேன் பிடித்தவற்றை வீட்டுக் குழம்புக்கே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துத் தீர்த்த பின் குட்டையை வற்ற வைத்து, பேன் சாகச் சுண்ணாம்பு போட்டார். வாங்க வந்தவர்கள் கெஞ்சியும் தொட்டி மீனில் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. நான் விடுமுறையில் போனபோது என் தட்டில் விழுந்ததும் பேன் கடித்த மீன்தான்.

"நார்வேயில இருந்து வந்த புள்ளைக்கு இதையா போடுவ?" என்று அண்ணன் கோபித்தார்.

"அவ என்ன விருந்தாளிங்களா? ஊட்டு ஆளு. திம்பா" என்றார் அண்ணி. எனக்கு நொடியில் கண் கலங்கிவிட்டது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

ஊரில் மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலை, நார்வேயில் நான் சால்மனைக் கையில் எடுத்திருந்தபோது அண்ணியின் வீடியோ அழைப்பு வந்தது. போனை மேசையில் சாய்த்து வைத்தேன். தொட்டியில் பிறந்து குட்டையில் வளர்ந்த கெண்டைக் குஞ்சொன்றைச் செவுள், துடுப்பு, வயிறு என்று நான் முன்பு சொல்லிக்கொடுத்தபடியே புரட்டிக் காட்டினார்.

"ஒண்ணு... ரெண்டு. அவ்ளோதான் கண்ணு! நொம்பக் கொறைஞ்சிருக்குது. நான் எஸ்டேட்டுக்குப் போவல, குட்டையை மூடல."

பக்கத்தில் இங்கிரிட் பென்சிலோடு காத்திருந்தாள். "எத்தனை?"

"இரண்டு" என்றேன். எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் என் கையிலிருந்த சால்மனைப் பார்த்தேன். அதை நான் இன்னும் எண்ணவே தொடங்கியிருக்கவில்லை.