ஈவ்லின் திறந்த சிடி

சித்தூரில் ஈவ்லினுடைய டிடிபி கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது, வேறு யாராக இருந்தாலும் காயலான் கடையில் போட்டிருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் இன்டர்நெட் கிடையாது. பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும், இருபது வருடமாகச் சேர்த்த தமிழ், தெலுங்கு ஃபாண்டுகளும்தான் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, சர்ச் ஆராதனை முறை, காணிப்பாக்கம் கடைகளின் பை என்று வேலைகளை எல்லாம் புது மெஷினில்தான் செய்வாள். ஆனால் ஃபைலைத் திறந்ததும் 'இந்த ஃபாண்ட் இல்லை' என்று ஒரு பெட்டி குதித்தால் மற்ற ஆபரேட்டர்களுக்கு எரிச்சல் வரும், இவளுக்கு முகம் மலரும். நாற்காலியைப் பழைய மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வாள். பிறகு கூப்பிட்டாலும் காதில் விழாது.

போன ஆடியில் நகரியிலிருந்து ரத்னம்மா என்று ஓர் அம்மா வந்தார். முன்பு கைத்தறி, இப்போது பவர்லூம் என்று நெசவுக் குடும்பம், அறுபதை நெருங்கும் வயது. கையில் ஒரு சிடி. அவர் கணவர் சண்முகம் தறி வேலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, பல வருடம் முன்பு ஊரிலேயே ஒரு கடையில் டைப் அடிக்கக் கொடுத்திருக்கிறார். கடைக்காரரோடு சண்டை வந்து, 'திருப்பதியில் அச்சடித்துக்கொள்கிறேன்' என்று சிடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கேயும் திறக்கவில்லை. கையெழுத்து நோட்டும் கடையோடு போயிற்று. ஃபைல் கெட்டுவிட்டது என்ற நினைப்பிலேயே மனிதர் போன வருடம் இறந்துபோனார். இந்த அம்மாவும் திருப்பதியில் மூன்று கடை ஏறி இறங்கி, 'கரப்ட்' என்ற ஒரே பதிலை வாங்கிக்கொண்டு, பாலசமுத்திரம் வழியாக பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

புத்தகம் போட வேண்டுமா என்று ஈவ்லின் கேட்டாள்.

"புஸ்தகம் இருக்கட்டும்மா. ஃபஸ்ட் பிரைஸ் வாங்கின சேலைனு ஒண்ணு கீது. அத யாரு நெய்ஞ்சதுனு அவரு இன்னா எழுதிக்கீறாருனு மட்டும் எனக்குத் தெரியணும்."

வீட்டில் இருக்கும் மாமியார் அந்தச் சேலையைத் தன் பிள்ளை நெய்தது என்றுதான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வாராம்.

சிடியைப் போட்டதும் வழக்கமான பெட்டி வந்தது. கேட்ட ஃபாண்ட் சாதாரணமானது, இவளிடமே இருந்தது. அதை ஏற்றினாள். பெட்டி மறைந்தது, ஆங்கிலக் குப்பையாக இருந்த பக்கம் தமிழாயிற்று. ஆனால் படித்தால் ஒரு வரிகூடப் புரியவில்லை. ஊர்ப் பெயர் 'தகரி' என்று இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'நறி', 'நறி' என்று வந்தது. ஈவ்லின் சிரித்துவிட்டாள். பிறகு அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

காரணம், இந்த வேலை அவளும் செய்ததுதான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சில கடைகளில் ஒரு பழக்கம். கஸ்டமர் ஃபைலை எடுத்துக்கொண்டு வேறு பிரஸ்ஸுக்கு ஓடிவிடக்கூடாது என்று, ஃபாண்டுக்குள் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளை இடம் மாற்றி வைத்துவிடுவார்கள். ஃபாண்டின் பெயர் அதே பெயர்தான். வெளிக்கடையில் திறந்தால் கெட்டுப்போன மாதிரி இருக்கும். ஈவ்லின் முதலில் வேலை பார்த்த கடையில் முதலாளி சொல்ல, இவளே உட்கார்ந்து மாற்றியிருக்கிறாள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தாளாம். அதனால் எத்தனை பேர் எதைத் தொலைத்தார்களோ என்று என்னிடம் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

'த', 'ந' இரண்டும் இடம் மாறியது தெரிந்துவிட்டது. மீதியைப் பிடிக்க ரத்னம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, புத்தகத்தில் கட்டாயம் வரக்கூடிய சொற்களைக் கேட்டாள். பாவு, ஊடை, நாடா, பெட்டி, சாயம் என்று தறிச் சொற்கள், தெருப் பெயர்கள், சண்டைக்காரப் பங்காளிகளின் பெயர்கள் எல்லாம் வந்தன. ஒவ்வொரு சொல்லையும் பக்கத்தில் தேடி, எது எதுவாக மாறியிருக்கிறது என்று பேப்பரில் எழுதினாள். பதினொரு எழுத்து. மதியச் சாப்பாட்டை இருவருமே மறந்துவிட்டார்கள். நாலு மணிக்கு ஃபாண்டில் அந்தப் பதினொன்றையும் அதனதன் இடத்தில் உட்காரவைத்து, ஃபைலைத் திரும்பத் திறந்தாள்.

சண்முகம் பேச ஆரம்பித்துவிட்டார்.

'முதல் பரிசு' என்று தேடினாள் ஈவ்லின். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. ரத்னம்மா கண்ணாடியைத் தேடவில்லை, நீயே படி என்றார்.

"அந்த ஒன்பது நாளும் எனக்கு டைபாய்டு. தறியில் உட்கார்ந்தது என் மனைவி ரத்னம்மா. சேலையில் ஒரு இழைகூட என்னுடையது இல்லை. மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் வரவில்லை."

ஈவ்லின் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தானும் அழுதுவிடுவாள் என்று பயம். திரையைப் பார்த்தபடியே, முழுப் புத்தகத்தையும் பிரின்ட் எடுக்கட்டுமா என்று கேட்டாள்.

ரத்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது அப்பறம் வந்து வாங்கிக்கினு போறேன். இந்த ஒரு பக்கத்த மட்டும் எழுத்து நல்லா பெருசா போட்டுக் குடும்மா. எங்க மாமியாருக்குச் சின்ன எழுத்து தெரியாது."