முந்தானையும் கோட்டு நுனியும்

லண்டனில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் நடுவில் ஒரு ஆள் புகும் அளவுக்கு இடம் விட்டு நிற்பார்கள். கார்த்திகை தீபக் கூட்டத்தில் நசுங்கிப் பழகிய நமக்கு அது வேடிக்கைதான். வந்த புதிதில் நான் முன்னால் நின்ற மிஸஸ் மார்ட்டின் என்ற கிழவியின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் தெரியாது என்று நினைத்து, கைபிடித்து ஏற்றி, உட்காரவைத்து, இறங்கும் இடத்தையும் சொன்னார். ஆறு மாதம் அப்படியே வேலைக்குப் போய்வந்தேன். உண்மையைச் சொல்ல ஆங்கிலம் போதவில்லை, கோட்டை விடவும் மனம் வரவில்லை.

இந்தப் பழக்கம் திருவண்ணாமலையில் ஆரம்பித்தது. எனக்கு ஆறு வயது. தீபத்தன்று கூட்டம் நெருக்கியதில் அம்மாவின் அரக்குப் புடவை முந்தானை கையிலிருந்து நழுவியது. சட்டென்று எட்டிப் பிடித்தேன். அதே அரக்கு, ஆனால் வேறு ஒருத்தியின் புடவை. மலை சுற்றப் போன அவள் பின்னாலேயே அடி அண்ணாமலை வரை நடந்துவிட்டேன். அவள் திரும்பியபோது அது அம்மாவின் முகம் இல்லை. எனக்கு அழக்கூட வரவில்லை. அந்தப் புண்ணியவதி அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, கொடுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை அம்மா தேடி வந்து சேர்ந்தாள். பயம் மட்டும் போகவில்லை. கூட்டத்தில் யார் துணியையாவது பிடித்தால்தான் எனக்கு மூச்சு வரும். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரின் சட்டைகள் எல்லாம் இடப்பக்கம்தான் முதலில் கிழிந்தன.

போன கார்த்திகைக்கு ஊருக்குப் போனேன். மாட்டேன் என்றவளை அம்மா தீபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மலையில் தீபம் தெரிந்ததும் அத்தனை கைகளும் தலைக்கு மேலே எழுந்தன. என் கை மட்டும் அவள் முந்தானையில் இருந்தது.

"ரெண்டு கையும் எடுத்துக் கும்புடுடி," என்றாள். "அன்னிக்கு நான்தான் ஊரெல்லாம் அழுதுகினு சுத்துனேன். நீ மல்லாட்ட தின்னுகினு குந்தியிருந்த. ஆறு வயசுலயே பொழைச்சிக்கினவதான நீ?"

இத்தனை வருஷத்தில் நான் இதை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே இரண்டு கையாலும் கும்பிட்டேன். கும்பிட்டுத் திரும்பினால் அம்மா பத்தாள் தள்ளி நின்று கையாட்டுகிறாள். நான் தனியாக நின்றேன், மூச்சும் நன்றாகவே வந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

லண்டன் திரும்பியதும் மிஸஸ் மார்ட்டினிடம், எனக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதல் வாரமே தெரியுமாம். அம்மாவின் கடிதத்தை வரிசையில் நின்று நான் படித்ததைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் பஸ் வந்தபோது, திரும்பாமலே கோட்டு நுனியை என் பக்கம் நீட்டினார். அம்மாவின் முந்தானையை விட்ட அதே கையால் பிடித்துக்கொண்டேன்.