பரவாயில்லைக்கு எந்தக் கட்டம்?

முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் போய் நின்று, "போன வருஷத்துக்கு இந்த வருஷம் உங்கள் கஷ்டம் எப்படி இருக்கிறது?" என்று விசாரித்துச் சம்பளம் வாங்குவது என் தொழில். கடன் கொடுத்து ஏழைப் பெண்களைக் கைதூக்கி விடுகிறோம் என்று சொல்கிற கம்பெனிகள் உண்மையிலேயே தூக்கினவா, இல்லை கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்து எழுத வேண்டும். வெயிலில் அலைந்து, நாய்க்குப் பயந்து, 'அப்புறமா வாங்க' என்ற பதிலைக் கேட்டுக் காது தேய்ந்த என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது.

டீச்சர் வந்திருக்காவ

பின் குத்திய சேலையும் தோள்பையுமாக ஒரு பெண் தெருவுக்குள் நுழைந்தால் அவள் பாளையங்கோட்டை டீச்சர்தான் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். நான் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. என் பெயர் எஸ்தர் என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

சேரன்மகாதேவியில் பேச்சியம்மாள் அக்காவும் அப்படித்தான் கூப்பிட்டார். வயல் வேலைக்குப் போகிறவர். நாங்கள் ஆராய வந்த கம்பெனியில் கடன் வாங்கி மாடு பிடித்திருந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் தவணை. என் டேப்லெட்டில் கேள்வி ஒன்று, கட்டம் மூன்று: கடனுக்குப் பிறகு வாழ்க்கையில் முன்னேற்றமா, மாற்றமில்லையா, பின்னடைவா? அக்கா யோசிக்கவே இல்லை. "பரவால்ல டீச்சர்" என்றார். இன்னொரு தடவை, இன்னும் தெளிவாகக் கேட்டேன். இன்னும் தெளிவாக "பரவால்ல" என்றார்.

கருப்பட்டி போட்ட கடுங்காப்பி வந்தது. இப்படி ஒரு காப்பியை நான் டவுனில் குடித்ததே இல்லை என்று புகழ்ந்துவிட்டு, மறுபடியும் மூன்று கட்டங்களையும் படித்துக் காட்டினேன். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எதையாவது குறிச்சுக்கிடுங்க டீச்சர், காப்பி ஆறுது."

அண்ணாச்சியின் அகராதி

அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இதே பதில். எங்கள் குழுவுக்குத் தலைவர் ஞானராஜ் அண்ணாச்சி. வேனுக்குள் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லக்கூடியவர். பரவாயில்லையை எந்தக் கட்டத்தில் போட என்று கேட்டேன். முன்னேற்றத்தில்தான் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடை இட்லி கல்லாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறோம், பஸ்ஸில் காலை மிதித்தவரிடமும் பரவாயில்லை என்கிறோம். அதெல்லாம் முன்னேற்றமா?

விஷயம் சின்னதில்லை. முன்னேற்றம் என்று நிறையக் கட்டங்கள் விழுந்தால், அதே கடன், அதே செவ்வாய்க்கிழமை, அதே விதிகள் ஒரு எழுத்து மாறாமல் ஆற்றோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் போகும். ஆனால் அண்ணாச்சி சொன்னதையும் என்னால் தள்ள முடியவில்லை. எனக்கு வேலை கிடைத்ததையே என் அம்மா பக்கத்து வீட்டில் 'ஏதோ பரவாயில்ல' என்றுதான் சொன்னாள்.

"ஏம்மா எஸ்தரு, நம்ம ஊர்ல எவனாவது நல்லாருக்கேன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கானா? கண்ணு பட்டுரும்லா!"

பூட்டு உள்ள பெட்டி

தச்சநல்லூரில் ஒரு வீடு. தையல் மெஷினுக்குக் கடன் வாங்கிய பெண். ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்பது எங்கள் கேள்விகளில் ஒன்று. இருந்தால் வறுமையிலிருந்து ஒரு படி மேலே என்று கணக்கு. இருந்தது, நல்ல சிவப்பு நிறத்தில். அண்ணாச்சி வாசலிலிருந்தே பார்த்து மகிழ்ந்தார். நான் திறந்து காட்டச் சொன்னேன். மேல்தட்டில் மடித்த சேலைகள், நடுவில் ரேஷன் கார்டும் பிள்ளைகளின் சான்றிதழ்களும், காய்கறி வைக்கும் இடத்தில் தைக்க வந்த ரவிக்கைத் துணிகள். அந்தப் பெண் முன்பு வேலை பார்த்த வீட்டில் ரிப்பேர் என்று தூக்கிக் கொடுத்தார்களாம்.

"பீரோ என்ன வெல விக்கி டீச்சர்! இதுலயும் பூட்டு இருக்குல்லா?"

கொடுக்காத ஊர்

கடன் கொடுத்த ஊரை மட்டும் பார்த்தால் போதாது, கொடுக்காத ஊரையும் பார்த்து ஒப்பிட வேண்டும். இது இந்தத் தொழிலின் வேதம். எந்த ஊருக்கு முதலில், எந்த ஊருக்குப் பின்னால் என்று சீட்டுக் குலுக்கியதில் புன்னக்காயல் பின்னால் போய்விட்டது.

அங்கே மீன் விற்கும் சவேரியம்மாள், ஐஸ் பெட்டி வாங்கக் கடன் கிடைக்குமா என்று எப்போதோ கேட்டிருந்தார். வேனைப் பார்த்ததும் அதுதான் வந்துவிட்டது என்று முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடன் இப்போதைக்கு இல்லை, கேள்வி மட்டும்தான் என்று நான் விஷயத்தைச் சொன்னேன். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"குடுத்தவள்ட்ட போயி எப்படி இருக்கன்னு கேளு, நாயம். ஒண்ணுமே குடுக்காத என்ட்ட, குடுக்காம எப்படி இருக்கன்னு கேக்கதுக்கு வேன் வச்சி வந்தியளாக்கும்?"

வற்றாத கிழமை

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சு காதில் இரைந்தது. வேன் வைத்துக் கேள்வி கேட்கப் போகிறவள் பதிலையாவது ஒழுங்காக வாங்கி வர வேண்டாமா? பரவாயில்லை சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போவது என்று முடிவு செய்தேன். அண்ணாச்சி கிறுக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் ஸ்கூட்டரில், என் பெட்ரோலில் கிளம்பினேன்.

பேச்சியம்மாள் அக்காவிடம் முதலில் நான் கம்பெனி ஆள் இல்லை என்பதைப் புரியவைத்தேன். உங்கள் பெயர் வெளியே போகாது என்றும் சொன்னேன். பிறகு கேட்டேன்: "எதைப் பாத்தா பரவால்லக்கா?" அக்கா தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிப் போனார். மாடு கறந்த மாதங்களில் நன்றாகத்தான் இருந்ததாம். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினாராம். அடுத்து மாடு சினையாகிக் கறவை நின்றது. தவணை நிற்கவில்லை. வளர்த்து இன்னொரு மாடாக்க வைத்திருந்த கிடேரிக் கன்றை விற்றுத் தவணை கட்டியிருக்கிறார். கன்று கட்டின முளையில் கயிறு மட்டும் கிடந்தது. உள்ளதைச் சொன்னால் அடுத்த கடன் கிடைக்காது என்று பயந்துதான் அன்றைக்குப் பரவால்ல.

அந்தக் கடுங்காப்பி அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் சொட்டுப் பால் இல்லை, நான் அதை விருந்து என்று புகழ்ந்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்க அங்கே மாடுதான் நின்றது.

"மாட்டுக்குப் பால் வத்திருது டீச்சர். இந்தச் செவ்வாக்கெழமதான் வத்த மாட்டேங்கு."

அண்ணாச்சி கேட்ட மாடு

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மற்ற வீடுகளையும் முடித்தேன். சில வீடுகளில் அண்ணாச்சியின் அகராதிதான் சரி. நன்றாக இருந்தார்கள், கண்ணுக்குப் பயந்து சொல்லவில்லை. சில வீடுகளில் ஒரு மாற்றமும் இல்லை. கறவை நின்ற வீடுகளில் எல்லாம் பேச்சியம்மாள் அக்கா கதைதான்.

இதை அப்படியே பிரித்து எழுத வேண்டும், மாடு வற்றின மாதங்களில் வசூலை நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் போன வீடுகளின் பதிலை அனுப்பப் போவதில்லை என்று ஆபீஸில் உட்கார்ந்துவிட்டேன். கெடு நெருங்குகிறது என்றார் அண்ணாச்சி. தெரியும் என்றேன். இந்த வேலை கொடுத்ததே அந்தக் கம்பெனிதான் என்றார். அதுவும் தெரியும் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். பிறகு நான் எழுதியதை ஒரு வரி வெட்டாமல் அறிக்கையில் சேர்த்தார்.

"அனுப்புதேன். என் சோலி போச்சுன்னா எனக்கும் ஒரு மாடு நீதான் பிடிச்சுத் தரணும், பாத்துக்கோ."

சீனி போதுமா?

கம்பெனி ஒரே நாளில் புண்ணியவான் ஆகிவிடவில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் மட்டும், சோதனைக்கு என்று சொல்லி, கறவை நின்ற மாதங்களில் தவணை வேண்டாம் என்றார்கள். விற்ற கிடேரி திரும்பி வரவில்லை. புன்னக்காயலுக்கு ஐஸ் பெட்டி இன்னும் போகவில்லை. அதற்காகத் தனியாக எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன்.

அடுத்த சுற்றுக்குப் போனபோது அக்காவின் மாடு ஈன்றிருந்தது. முளையில் புதுக் கன்று. நான் டேப்லெட்டை எடுப்பதற்குள் காப்பி வந்தது, நுரை ததும்பும் பால்காப்பி. சீனி போதுமா என்று கேட்டார். கொஞ்சம் குறைச்சல்தான். அக்கா மனசு நோக வேண்டாமே என்று, "பரவாயில்லக்கா" என்றேன். தம்ளரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"பரவால்லன்னா என்ன டீச்சர் அர்த்தம்? போதுமா, போதாதா? நான் இத எந்தக் கட்டத்துல போட?"

ஏழைக்கு உதவி போய்ச் சேர்ந்ததா என்று அளக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், பதில் சொல்லி முடித்த பிறகும் வாசலை விட்டு நகராத தடித்த தோல் இருந்தால் போதும்.