ஓசூர் விலாசம் சொன்னவன்

முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தவள் நான். எதிர்முனையில் பேசுகிறவன் குடித்திருக்கிறானா, அழுதிருக்கிறானா, பொய் சொல்கிறானா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கே போன் போட்டு ஏமாற்றப் பார்த்தான் ஒருவன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் கோபம் அவன்மேல் மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு ஜீவனஹள்ளிக்குத் திரும்பி வந்தபோது பதினொரு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் செல்போன், முகத்தில் ஒரு தெளிச்சி. பக்கவாதம் வந்த இந்த ஒன்றரை வருஷத்தில் அந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. வலது கை சரியாக வராது. பேச்சு வரும், ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் சிவாஜிநகர் பஸ் போய்த் திரும்பி வந்துவிடும்.

டிஷ் கம்பெனியிலிருந்து போன் வந்ததாம். எங்கள் பாக்ஸ் பழைய மாடலாம். சாட்டிலைட்டையே மாற்றுகிறார்களாம், நாளைக்குக் காலையிலிருந்து படம் வராதாம். புது பாக்ஸ், மாடியில் வைக்கிற புது டிஷ் குடை எல்லாம் இலவசமாம், மாட்டுகிற கூலிக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாய் முன்பணமாம். நாலு மணிக்கு மறுபடி கூப்பிட்டு ஒரு லிங்க் அனுப்புவார்களாம், அதை அழுத்தினால் போதுமாம். இவ்வளவையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மீனைக் கழுவி மசாலா தடவிவிட்டேன். பாதி வாக்கியங்களை நானே முடித்தும் வைத்தேன்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். எனக்கு உடனே உறைத்தது. ஆனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை டிவியில் வருகிற தமிழ்ப் பூசை தவறிவிடக் கூடாது. மாதா கோயில் படி ஏற முடியாமல் போனதிலிருந்து அதுதான் அவருக்குப் பூசை. நாளைக்கே படம் நிற்கும் என்றதும் மனிதர் பதறிப்போயிருக்கிறார்.

இதைவிடப் பெரிய பதற்றம் ஒன்று எனக்கு இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் கரண்ட் கட் ஆகப் போகிறது என்று ஒரு மெசேஜ் வந்து, அதிலிருந்த நம்பருக்கு இவர் கூப்பிட்டுவிட்டார். பணம் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் வொயிட்ஃபீல்டில் இருக்கும் எங்கள் மகன் தாம்தூம் என்று குதித்தான். பேங்க், பென்ஷன் எல்லாவற்றையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டான், சில்லறைச் செலவுக்கு மட்டும் போனில் கொஞ்சம் பணம் விட்டு வைத்தான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இந்தப் போனையும் வாங்கிக்கொண்டு பட்டன் போன் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் போனில்தான் இவருடைய ஃபேக்டரி சிநேகிதர்களின் குரூப் இருக்கிறது. இடது கைப் பெருவிரலால் தட்டித் தட்டி அவர்களோடு சண்டை போடுவார். கேஸ் புக் பண்ணுவதும் டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் பண்ணுவதும் அதில்தான். குடும்பத்தில் அவருக்கென்று மிச்சமிருந்த வேலை அந்த இரண்டுதான்.

அப்படியிருக்க, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், நானே மகனைக் கூப்பிட்டு இது நிஜமா என்று கேட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"செக் பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா, ஃப்ராடுதான். நாளைக்கு வந்து அப்பா போனை எடுத்துட்டுப் போறேன்," என்றான்.

இவர், "இல்லப்பா... அவங்க..." என்று ஆரம்பித்தார். அவன், "சரிப்பா சரிப்பா, நாளைக்குப் பேசலாம்," என்று வைத்துவிட்டான்.

இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம், "அவன்... ஓசூர் விலாசம்... சொன்னான்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஓசூர் விலாசத்தின் கதை இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டிஷ் வாங்கியபோது மெயின் ரோட்டுக் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். கர்நாடக விலாசம் கொடுத்தால் கன்னட சேனல்கள்தான் சேர்ந்து வரும், தமிழுக்குத் தனியாகக் கட்ட வேண்டும், தமிழ்நாட்டில் யாராவது சொந்தக்காரர் விலாசம் கொடுங்கள் என்றார். ஜீவனஹள்ளித் தமிழனுக்கு ஓசூரில் சொந்தக்காரனா கிடைக்க மாட்டான்? நாங்கள் என் தம்பி வீட்டு விலாசத்தைக் கொடுத்தோம். எங்கள் தெருவில் பாதி டிஷ் குடைகள் காகிதத்தில் ஓசூரில்தான் இருந்தன. யாரும் அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. அந்த ரகசியத்தைக் கதவு நம்பரோடு ஒருவன் ஒப்பித்தால் அவன் கம்பெனி ஆளாகத்தானே இருக்க முடியும்? நானே ஆட்டம் கண்டுவிட்டேன். ஒருவேளை நிஜமாக இருந்தால்? மகன் சொன்னானே என்று சும்மா இருந்து, நாளைக் காலையில் டிவி இருண்டு போனால் இவர் முகத்தில் எப்படி விழிப்பது? நிஜமா பொய்யா என்று நாலு மணிக்குள் தெரிந்தாக வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

ரிமோட்டின் முதுகில் ஒட்டியிருந்த கம்பெனி நம்பருக்குப் போட்டேன். தமிழுக்கு இதை அழுத்து, தொந்தரவுக்கு அதை அழுத்து என்று ஒரு மெஷின் என்னை ஆட்டி வைத்தது. பத்து நிமிஷம் பாட்டு கேட்டபின் ஒரு பெண் வந்தாள். கனெக்ஷன் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றாள். இவரிடம் கொடுத்தேன். பேரையும் பிறந்த தேதியையும் கேட்டாள். இவர் பேரைச் சொல்லி, தேதியை ஆரம்பித்து, மாதத்துக்கு வருவதற்குள், "ஹலோ, ஹலோ, வாய்ஸ் வரல சார்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி மெஷின், மறுபடி பாட்டு. இரண்டாவதாக வந்தவளிடம் முன்கூட்டியே, அவருக்கு உடம்பு சரியில்லை, மெதுவாகத்தான் பேசுவார், கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னேன். சரி மேடம் என்றாள். அவளும் மாதத்துக்கு வரும்போது வைத்துவிட்டாள்.

என் வயிறு எரிந்தது. டிரங்க் கால் காலத்தில் கொட்டுகிற மழையில் லைன் கரகரக்கும். ஊரிலிருந்து சாவுச் செய்தி சொல்ல வந்தவன் வார்த்தை வராமல் தேம்புவான். "லைன்ல இருங்க, நான் இருக்கேன், மெதுவா சொல்லுங்க," என்று தமிழிலும் கன்னடத்திலும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் லைனை வெட்டியதில்லை. இவளுக்கு ஒரு மாதத்தின் பேர் வருகிற வரை காத்திருக்க நேரமில்லையாம்!

மூன்றாவது தடவை நானே பேசினேன். வந்தவள் கொஞ்சம் நல்ல பெண். ஆனாலும், உங்கள் கம்பெனி இப்படி முன்பணம் கேட்டுக் கூப்பிடுமா என்ற ஒரே கேள்விக்கு நேரான பதில் அவள் வாயிலிருந்து வரவில்லை. எங்கள் பார்ட்னர்கள் கூப்பிடலாம் மேடம், ஆஃபர் இருக்கலாம் மேடம் என்று வழுக்கினாள். எங்கள் விவரம் எதையும் சொல்லவும் முடியாது என்றாள். எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் தாயி, நான் விலாசம் சொல்கிறேன், சரியா தப்பா என்று மட்டும் சொல் என்று கேட்டுக்கொண்டேன். ஓசூர் விலாசத்தைச் சொன்னேன்.

"மேட்ச் ஆகல மேடம்," என்றாள்.

இரண்டாவது முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஓசூரே இல்லை மேடம் என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் இடது கையால் அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்தார். "நான்... மாத்தினேன்," என்றார்.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எதிரே அபார்ட்மெண்ட் எழும்பி சிக்னலை மறைத்தது. இவர் கம்பெனி ஆளை வரவழைத்துக் குடையை மொட்டை மாடியின் மறுபக்கம் மாற்றினார். அதற்குள் வேண்டிய சேனலை நாமே பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டிருந்தது. ஓசூர் தேவைப்படவில்லை. கையோடு ஜீவனஹள்ளி விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். காகிதத்தில் பொய் இருக்கக் கூடாது என்றார். பெரிய அரிச்சந்திரன் என்று நான் அன்றைக்குக் கேலி பண்ணினேன். ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர் அல்லவா, அந்த ரசீதையும் ஃபைலில் குத்தி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். ஜீவனஹள்ளி என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அப்படியானால் ஓசூர் விலாசம் கம்பெனியிடமே இல்லை. இருக்கக்கூடிய இடம் இன்னும் ஒன்றுதான். செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன்.

கடைக்காரர் இப்போது டிஷ் விற்பதில்லை. செல்போன் கவர் விற்கிறார், வைஃபை போட்டுக் கொடுக்கிறார். பழைய டிஷ் நோட்டு எங்கே என்று கேட்டதும் அவர் கண் மேஜைக்கு அடியில் போய் வந்தது. எடுங்கள் என்றேன். எடுத்தார். என் வீட்டுக்காரர் பேர், போன் நம்பர், என் தம்பி வீட்டு விலாசம், மேலேயும் கீழேயும் எங்கள் தெருவே ஓசூரில் குடியிருந்தது.

"ஒருத்தர் வந்து கேட்டாரு ஆன்ட்டி. போட்டோ எடுத்துக்கிட்டாரு. எல்லாக் கடையிலயும்தான் குடுக்கறாங்க, இதுல என்ன இருக்கு?" என்றார்.

என்ன இருக்கா? பன்னிரண்டு வருஷம் வணக்கம் சொல்லிக்கொண்டு போன மனிதன். என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து விழுந்த அன்றைக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்ததும் இந்தக் கடைக்காரர்தான். எங்கள் தெருவையே கூறு கட்டி விற்றுவிட்டு, இதில் என்ன இருக்கு என்கிறான்! நான் கத்திய கத்தலில் வைஃபைக்கு வந்திருந்த இரண்டு பேர் நகர்ந்து நின்றார்கள். அந்தப் பக்கத்தை நானே கிழித்து எடுத்துக்கொண்டேன். போட்டோ எடுத்தாகிவிட்டது, கிழித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். பிரயோஜனம் இல்லைதான். ஆனாலும் கிழித்தேன். வருகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னேன். "துட்டு ஹோயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டார்கள். பணம் போகவில்லை என்றேன். அப்படியானால் சரி, வீட்டுக்குப் போங்கள் அம்மா என்றார்கள்.

நாலு மணிக்கு டாணென்று போன் அடித்தது. நான் எடுத்தேன். "ஐயா இருக்காங்களாம்மா?" என்றது குரல். என்ன பணிவு, என்ன பதவிசு! எங்கள் எக்ஸ்சேஞ்சில் இருந்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார்கள். விலாசத்தைச் சொல்லச் சொன்னேன். ஓசூர், கதவு நம்பர், தெரு எல்லாம் ஒப்பித்தான்.

"கம்பெனிக்கே தெரியாத விலாசம் உனக்கு எப்பிடிடா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

அதற்கப்புறம் நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவன் பாதியிலேயே வைத்துவிட்டான், மீதியைச் சுவரிடம் திட்டினேன். ஜெயித்துவிட்ட தெம்பில் இவரைப் பார்த்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவன்... காலையில..." என்று ஆரம்பித்தார். வழக்கம்போல முடித்துவைக்க வாயைத் திறந்தேன். எப்படி முடியும் என்று தெரியவில்லை, மூடிக்கொண்டேன். "காலையில... நான் சொல்லி முடிக்கிற வரைக்கும்... கேட்டான்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம், அந்த ஜாதிதான் அவன். ஆனால் ஆடு நனைவது ஓநாய்க்காவது தெரிந்திருக்கிறதே. கம்பெனிக்காரிகள் இரண்டு பேர் வெட்டினார்கள், மகன் ஒரு தடவை வெட்டினான். மீன் கழுவிக்கொண்டே நான் வெட்டியதற்கு எண்ணிக்கையே இல்லை. ஊரார் தேம்பியதை எல்லாம் காத்திருந்து கேட்டவள், சொந்த வீட்டில் இருந்தவருக்கு லைன் கொடுக்கவில்லை. அவரை மனிதனாக மதித்துப் பேசவிட்டவன் ஒரு திருடன். எனக்கு என்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆறு மணிக்கு மகன் கூப்பிட்டான். நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறேன், போனை சார்ஜ் போட்டு வை என்றான். நான் ஸ்பீக்கரைப் போட்டு இவர் மடியில் வைத்தேன்.

"அப்பா ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் லைன்ல இரு."

"அம்மா, நான் டிராஃபிக்ல..."

"இரு."

இவர் ஆரம்பித்தார். ஓசூரிலிருந்து ஆரம்பித்து, எதிர் அபார்ட்மெண்ட், குடை, ரசீது, கடைக்காரன் என்று ஒவ்வொன்றாக வந்தார். அடுப்பில் பால் பொங்கியது, போய் அணைத்துவிட்டு வந்தேன். அப்போதும் ரசீதில்தான் இருந்தார். மகன் நடுவில் இரண்டு தடவை "சரிப்பா" என்றான், நான் இரண்டு தடவையும் "ம்ஹும்" என்றேன். வார்த்தை தேடி இவர் நின்றபோதெல்லாம் அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. முழுங்கினேன்.

"அதனால... போன்... எங்கிட்டயே... இருக்கட்டும்," என்று முடித்தார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். போகவில்லை.

"இருக்கட்டும்ப்பா," என்றான்.